உப்புக் காற்றில் மாடுலர் சிந்தசைசர்: முகப்புத் தகடும் தந்திப் பட்டையும் நாமே செய்யும் முறை

மாடுலர் அனலாக் சிந்தசைசரில் ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர், ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர், அதன் ஏற்ற இறக்கத்தை வகுக்கும் என்வலப் ஆகியவை தனித்தனி அலகுகளாக நிற்கின்றன. வாசிப்பவர்தான் அவற்றைப் பேட்ச் கம்பிகளால் இணைத்து, தமக்கு வேண்டிய வாத்தியத்தை அவ்வப்போது உருவாக்கிக்கொள்கிறார். இந்த அலகுகளைச் சொந்தமாகச் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் சர்க்யூட்டில் முழுக் கவனத்தையும் செலுத்திவிட்டு, முகப்புத் தகட்டைக் கடைசி நாள் வேலையாகத் தள்ளிப்போடுகிறார்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே வாத்தியம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஐசி என்ற சில்லு அன்று. தகடும், அதில் பொருந்தும், பேட்ச் கம்பியைச் செருகும் ஜாக்குகளும், அவற்றைப் பிடித்திருக்கும் நட்டுகளும்தாம்.

இப்பகுதியின் காற்று உலோகத்தை எப்படித் தின்னும் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலமே சான்று. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம், உலகிலேயே அரிப்பு மிகுந்த சூழல்களுள் ஒன்றில் நின்றதால், அதன் வாழ்நாள் முழுவதும் இடையறாத பராமரிப்பை வாங்கிக்கொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இணைப்புகளை முழுவதும் வெல்டிங் செய்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தி, சிறப்பு வண்ணப்பூச்சும் பூசியிருக்கிறார்கள். உப்பு தங்கும் இடுக்குகளைக் குறைப்பது, வேறுபட்ட உலோகங்களை உரசவிடாமல் பிரித்து வைப்பது, மேற்பரப்பை மூடுவது ஆகிய மூன்றும் நம் உள்ளங்கை அகலத் தகட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

அளவுகள்

இன்று வீட்டில் செய்பவர்களிடையே அதிகம் புழங்குவது, ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுப்பகுதியில் தம் ஏ-100 வரிசையின் வழியே நிலைநிறுத்திய யூரோராக் முறை. தகட்டின் உயரம் 128.5 மி.மீ. அகலம் ஹெச்பி என்ற அலகில் கணக்கிடப்படும். ஒரு ஹெச்பி 5.08 மி.மீ. ஆனால், பக்கத்துத் தகட்டோடு உரசாமல் இருப்பதற்காக அகலத்தைச் சற்றே குறைத்து வெட்டுவது மரபு என்பதால், 8 ஹெச்பி தகடு 40.64 மி.மீட்டராக இல்லாமல் 40.3 மி.மீட்டராகவும், 10 ஹெச்பி தகடு 50.5 மி.மீட்டராகவும் அமையும். எம்3 திருகுக்கான முதல் துளை இடது ஓரத்திலிருந்து 7.5 மி.மீ., மேல் ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி வரும், கீழேயும் அவ்வாறே. 8 ஹெச்பி தகட்டில் வலப்பக்கத் துளை இடது ஓரத்திலிருந்து 32.9 மி.மீ. தொலைவில் விழும். துளையின் விட்டம் 3.2 மி.மீ. போதும். தகட்டுக்குப் பின்னால் மேலும் கீழும் ஏறத்தாழ 10 மி.மீ. இடத்தைத் தண்டவாளச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பகுதியில் எந்த உறுப்பையும் வைக்கக் கூடாது.

எந்தப் பொருளில் செய்வது

2 மி.மீ. அலுமினியம்தான் வழக்கமான தேர்வு. ஆனால் ஜாக்குகளின் கழுத்தும் நட்டும் நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கும். உப்பு ஈரம் படிந்ததும் அந்த உலோகத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, நட்டைச் சுற்றி வெள்ளை மாவு போலப் பூக்கும். அலுமினியத்தையே விரும்புபவர்கள் அனடைஸ் செய்த தகட்டை வாங்கி, துளையிட்ட பின் வெட்டுவாய்களில் தெளிவான லாக்கரைத் தொட்டு வைக்க வேண்டும். ஏனெனில் அனடைஸ் படலம் துளையின் உட்சுவரில் இருப்பதில்லை. அரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் மீந்துபோன ஏசிபி ஷீட் மலிவாகக் கிடைக்கும். இரண்டு மெல்லிய அலுமினியப் படலங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய பலகை அது. முதல் தகட்டைப் பழகிப் பார்க்க நல்ல பொருள். ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, 3 மி.மீ. கனமுள்ளதையே கேட்டு வாங்க வேண்டும், 4 மி.மீ. பலகையில் 3.5 மி.மீ. ஜாக்கின் கழுத்து நட்டைப் பிடிக்கும் அளவுக்கு வெளியே வராது. இரண்டாவது, முன்படலத்துக்கும் பின்படலத்துக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது, மேலே வண்ணப்பூச்சும் இருக்கும். ஆகவே அதைக் கிரவுண்டோடு சேர்த்து மின்கவசமாகப் பயன்படுத்த விரும்பினால், பின்புறத்தில் ஒரு திருகைச் சுற்றி உப்புத்தாளால் பூச்சைத் தேய்த்துவிட்டு, வளையக் கொக்கி வைத்துக் கம்பியை இணைக்க வேண்டும்.

அக்ரிலிக் உப்புக்கு அஞ்சாது. எனினும் நட்டைச் சற்று அதிகமாக முறுக்கினால் துளையின் ஓரம் விரிசல் விடும். மின்கவசமாகவும் அது உதவாது.

என் தேர்வு, சர்க்யூட் போர்டு செய்யும் எஃப்ஆர்4 பலகையையே தகடாக வெட்டி வாங்குவது. கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த அந்தப் பொருள் துருவே அறியாதது. 1.6 மி.மீ. கனம் ஜாக்கின் கழுத்துக்குப் பொருந்தும். பின்புறத்துச் செப்புப் படலத்தை சோல்டர் மாஸ்க்கால் மூடி, கிரவுண்டுக்கு ஒரு சிறு இடத்தை மட்டும் தங்கமுலாம் பூசித் திறந்து வைத்தால், கவசமும் கிடைக்கிறது, அரிப்பும் நெருங்குவதில்லை. கீகேட் (KiCad) என்ற கட்டற்ற மென்பொருளில் வரைந்து, இணையத்தில் சர்க்யூட் போர்டு செய்து தரும் நிறுவனம் ஒன்றுக்கு, அவர்கள் இயந்திரம் படிக்கும் கெர்பர் வடிவக் கோப்பாக அனுப்பினால் போதும். ஒரே தகடு மட்டும் வேண்டுமென்றால் இது செலவாகத் தோன்றலாம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே வரைபடத்தை அனுப்பினால் அந்தக் குறையும் நீங்கும்.

வரைதலும் துளையிடலும்

பழகுவதற்கு ஏற்ற முதல் அலகாக, 8 ஹெச்பியில் அடங்கும் இரட்டை அட்டென்யுவெர்ட்டரைச் சொல்வேன். உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் குறைக்கவும், குமிழை இடப்பக்கம் திருப்பினால் தலைகீழாக்கவும் வல்லது. எந்தச் சிந்தசைசரிலும் ஒன்றுக்கு மேல் தேவைப்படும். சர்க்யூட்டும் எளியது: உள்வரும் குறிகை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப்பின் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஐசி) எதிர் உள்ளீட்டு முனைக்குச் செல்கிறது, வெளியீட்டிலிருந்து அதே எதிர்முனைக்கு இன்னொரு 100 கிலோ ஓம், அதே குறிகை 100 கிலோ ஓம் நேரியல் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழால் திருப்பும் மாறுமின்தடை) ஒரு முனைக்கும், மறுமுனை கிரவுண்டுக்கும், நடுமுனை ஆப்-ஆம்ப்பின் நேர்முனைக்கும் போகின்றன. குமிழ் நடுவில் நிற்கும்போது வெளியீடு சுழியம், வலக்கோடியில் முழுக்குறிகை, இடக்கோடியில் அதன் தலைகீழ். வெளியீட்டு ஜாக்குக்கு முன் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்துவிட்டால், தவறாகச் செருகிய கம்பியால் ஐசி பாழாகாது. ஒரே டிஎல்072க்குள் இரண்டு ஆப்-ஆம்ப்புகள் இருப்பதால், ஒரு ஐசியே இரண்டு வரிசைக்கும் போதும்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 40.3 × 128.5 மி.மீ. செவ்வகம் வரைந்து, மேலிடது மூலையைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களும் நடுக்கோட்டில், அதாவது கிடையாக 20.15 மி.மீட்டரில், மேலிருந்து 24, 56 மி.மீ. தொலைவுகளில் அமையட்டும். நான்கு ஜாக்குகளும் கிடையாக 11, 29.3 மி.மீட்டரிலும், மேலிருந்து 88, 106 மி.மீட்டரிலும் வரட்டும். குமிழ்களுக்கு இடையே 32 மி.மீ. விடுவது இடத்தை வீணாக்குவது என்று சிலர் நினைப்பார்கள். கம்பிகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது இரு விரல் நுழைந்து குமிழைத் திருப்ப முடியாத தகடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசிக்கப் பயன்படாது. பிஜே398எஸ்எம் வகை 3.5 மி.மீ. ஜாக்குக்கு 6 மி.மீ. துளையும், எம்7 கழுத்துள்ள பொட்டென்ஷியோமீட்டருக்கு 7 மி.மீட்டரை விடச் சற்றே பெரிய துளையும் வேண்டும். கையிலுள்ள உறுப்பை வெர்னியரால் அளந்த பிறகே துளையின் அளவை முடிவு செய்யுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து அச்சிட்டு, எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். பிரின்டரின் அமைப்பில் தாளுக்குப் பொருத்தும்படி விட்டிருந்தால் கோடு 97 மி.மீட்டராகச் சுருங்கியிருக்கும், அந்தச் சுருக்கம் திருகுத் துளைகளைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். அளவு சரியாக இருந்தால் தாளைத் தகட்டின் மேல் ஒட்டி, ஒவ்வொரு துளையின் நடுவிலும் சென்டர் பஞ்சால் ஒரு குழி இட்டு, முதலில் 2 மி.மீ. பிட்டால் துளைத்து, பிறகு ஸ்டெப் டிரில் பிட்டால் படிப்படியாக விரிக்க வேண்டும். மெல்லிய தகட்டில் சாதாரணப் பெரிய பிட்டை நேரடியாக இறக்கினால் துளை முக்கோணமாகப் பிய்யும். ஸ்டெப் பிட் வட்டத்தைக் காக்கும். அலுமினியத்தில் துளையிடும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் சுருள் பிட்டில் ஒட்டாமல் வெளியேறும். தகட்டைக் கையால் பிடிக்காமல், மரக்கட்டையோடு சேர்த்துக் கிளாம்பால் இறுக்குங்கள். பிட் மாட்டிக்கொண்டு தகடு சுழன்றால் விரலை அறுத்துவிடும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

எழுத்துகள்

குமிழ்களுக்கும் ஜாக்குகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். அளவு, உள், வெளி, சுருதி என்று இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் சிறு தகட்டில் நன்றாக அமைகின்றன. ஆனால் வரைபடத்தைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், எல்லா எழுத்துகளையும் தேர்ந்தெடுத்து வெறும் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். அந்த எழுத்துரு கடைக்காரரின் கணினியில் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘வெளி’ என்ற சொல்லில் கொம்பு தனியே, ‘வ’ தனியே நிற்கும். கோட்டுருவமாக மாற்றிய எழுத்து எந்தக் கணினியிலும் கலையாது. எழுத்தின் உயரம் 3 மி.மீட்டருக்குக் குறைந்தால் ‘ண’கர ‘ன’கரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரக்காற்றில் அதன் ஓரம் எழும்பி, அடியில் உப்பு சேரும். அலுவலகப் பெயர்த்தகடு செய்ய உதவும் இருவண்ண அக்ரிலிக்கில் லேசரால் செதுக்கிய எழுத்து, உரிவதற்கு ஏதும் இல்லாததால் நிலைத்து நிற்கும். அந்த மெல்லிய அக்ரிலிக்கை ஏசிபியின் மேல் முழுப்பரப்பும் படும்படி ஒட்டலாம். அப்போது இரண்டும் சேர்ந்த கனம் 3 மி.மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால், ஜாக் அமரும் இடத்தில் மேலடுக்கில் மட்டும் நட்டைவிடப் பெரிய வட்டத்தை வெட்டச் சொல்ல வேண்டும்.

தகட்டின் பின்புறம்

உறுப்புகளை முதலில் தகட்டில் பொருத்தி நட்டுகளை விரலால் மட்டும் இறுக்கி, போர்டை அவற்றின் கால்களில் அமர்த்தி, அதன் பிறகே சாலிடர் வைக்க வேண்டும். போர்டில் முன்பே சாலிடர் செய்துவிட்டால் துளைகளோடு சிறு விலகல் ஏற்பட்டு, ஜாக்கின் கழுத்து எப்போதும் ஒருபக்க இழுவையில் இருக்கும். பிற்பகலில் வீசும் கடற்காற்று அறைக்குள் நேராகப் புகும் வீடுகளில், காற்று படாத மூலையில் அமர்ந்து சாலிடர் செய்வது நல்லது. காற்று சாலிடரைச் சீரின்றிக் குளிரவைக்கும். அதோடு உப்பையும் கொண்டுவரும்.

சாலிடர் முடிந்ததும், அதிலிருந்து படியும் ஃப்ளக்ஸ் என்ற பிசின் கழிவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி நீக்குங்கள். உள்நாட்டு ஊர்களில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பெரிய தீங்கும் நேர்வதில்லை. இங்கே அந்தக் கழிவு ஈரத்தையும் உப்பையும் இழுத்துப் பிடித்து, மெகா ஓம் அளவுள்ள இடங்களில் கசிவுப் பாதையாக மாறி, சுருதியை மெல்ல நகர்த்தும். நன்றாக உலர்ந்த பின் போர்டை மூடிக் காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங்கை இரண்டு மெல்லிய அடுக்காகத் தெளிக்கலாம். ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், மின்இணைப்பு ஹெட்டர் மூன்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிய பிறகே தெளிக்க வேண்டும்; அந்தப் பூச்சு தொடுமுனைக்குள் போனால் பிறகு எடுக்க இயலாது.

சட்டத்தில் பொருத்தும் திருகுகள் 304 அல்லது 316 தரத்துத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். எஃகுத் திருகு அலுமினியச் சட்டத்தில் நேராக அமர்வதால், மரையில் வாசலினைத் துளியளவு தடவி, தலைக்கு அடியில் நைலான் வாஷர் இடுவது இரு உலோகங்களுக்கும் இடையே ஈரம் பாலமாவதைத் தடுக்கும்.

மின்சாரம்

யூரோராக் அலகுகள் நேர் 12, எதிர் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. ரிப்பன் கம்பியின் சிவப்புக் கோடு எதிர் 12 வோல்ட்டைக் குறிக்கும். அதைத் திருப்பிச் செருகினால் ஐசிகள் எரிந்துபோகும் என்பதால், இரு மின்பாதைகளின் நுழைவாயிலிலும் 1என்5819 டையோடு ஒன்றைத் தொடராக வைப்பது கட்டாயம். ஒவ்வொரு ஐசிக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபேரட், நுழைவாயிலில் 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்கள் வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். முழுதும் மூடிய, தயார்நிலை மின்வழங்கி ஒன்றை வாங்குங்கள். ஈரமும் உப்பும் படிந்த மேசையில் திறந்த மெயின்ஸ் இணைப்பு உயிருக்கே ஆபத்து.

தந்திப் பட்டை: கமகத்துக்கு ஏற்ற கன்ட்ரோலர்

சிந்தசைசரோடு வரும் பியானோ வகைக் கீபோர்டு, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குத் தாவும்; இடைப்பட்ட வெளியில் அதற்கு வழியில்லை. நம் இசையோ அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. ஆகவே நம் கைக்கேற்ற கன்ட்ரோலரை நாமே செய்துகொள்வதைவிட இந்தத் துறையில் பயனுள்ள வேலை வேறில்லை என்பேன். இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. பிரான்சின் மோரிஸ் மார்த்தெனோ 1928இல் அரங்கேற்றிய ஓந்த் மார்த்தெனோவில் விரலில் மாட்டிய வளையத்தை நகர்த்திச் சுருதியை வழுக்கலாம். 1930இல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் டிராட்வைன் உருவாக்கிய டிராட்டோனியத்தில், உலோகப் பட்டைக்கு மேலே இழுத்துக் கட்டிய மின்தடைக் கம்பியை விரலால் அழுத்த, அழுத்திய இடமே சுருதியாகும். பின்னதைத்தான் இங்கே பின்பற்றுகிறோம்.

அடிப்பலகைக்குப் பனையைவிடச் சிறந்த மரம் இந்த மாவட்டத்தில் எளிதில் கிடைக்காது. பழைய ஓட்டுவீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வைரமேறிய பனங்கையில் 60 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலமுள்ள துண்டை இழைத்து எடுங்கள். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்புமே தவிர, நார் ஓடும் நீளவாக்கில் ஏறத்தாழ மாறாது. கம்பி நீளவாக்கில் ஓடுவதால் ஐப்பசி மழையிலும் அதன் நீளம் நிலையாக இருக்கும். பனைநார் பிளக்கும் தன்மையுடையது. திருகு இறக்குமுன் ஒவ்வொரு இடத்திலும் சிறு துளை இட்டுக்கொள்ளுங்கள். முழுப்பலகைக்கும் நீர்புகா வார்னிஷ் இரண்டு பூச்சு வேண்டும்.

பலகையின் நடுவில் 12 மி.மீ. அகலமுள்ள துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைப் பதியுங்கள். பித்தளைப் பட்டை சாலிடர் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விரல் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து அதில் பச்சைக் களிம்பு ஏறும். எஃகில் சாலிடர் எளிதில் பிடிக்காது என்பதால், கோடியில் துளையிட்டு, திருகும் வளையக் கொக்கியும் வைத்துக் கம்பியை எடுங்கள். இரு கோடிகளிலும் அக்ரிலிக் துண்டுகளைத் தாங்கியாக நிறுத்தி, அவற்றுக்கு இடையே சரியாக 50 செ.மீ. இருக்குமாறு, பட்டைக்கு 3 மி.மீ. உயரத்தில் 0.2 மி.மீ. நைக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். 0.1 மி.மீ. கம்பி விரலழுத்தத்தில் எளிதில் அறுந்துவிடும். ஒரு முனையில் சிறு சுருள்வில் வைத்தால், அழுத்தும்போது கம்பி இளகிக் கொடுக்கும். இரு தாங்கிகளுக்கு அருகிலும் கம்பியின் மேல் மின்முனைகளைத் திருகால் இறுக்கிவிடுங்கள். சுருள்வில்லின் வழியே மின்னோட்டம் போகக் கூடாது.

அத்தகைய 50 செ.மீ. கம்பியின் மின்தடை சுமார் 17.5 ஓம். மேல்முனைக்கு நேர் 12 வோல்ட்டிலிருந்து 180 ஓம், 2 வாட் ரெசிஸ்டரையும், அதோடு தொடராக திருகாணியால் நுணுக்கமாகத் திருப்பும் 50 ஓம் பலசுற்று டிரிம்பாட்டையும் இணைத்து, கீழ்முனையைக் கிரவுண்டில் சேர்த்தால், ஏறத்தாழ 57 மில்லி ஆம்பியர் ஓடி, கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 1 வோல்ட் நிற்கும். இந்த மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கிரவுண்டுக் கம்பி தனியாகவும் தடித்தும் இருக்க வேண்டும். பாதையில் 0.1 ஓம் இருந்தாலே கம்பியின் கீழ்முனை ஏறத்தாழ 6 மில்லிவோல்ட் உயர்ந்துவிடும். பின்னால் அது இரட்டிக்கப்படுவதால் சுருதியில் 13 சென்ட்டுக்கு மேல் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்) பிழையாகும், அதாவது அரைச்சுரத்தின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

எஃகுப் பட்டையிலிருந்து வரும் கம்பி, பஃபராக (மின்னழுத்தத்தைக் குறைக்காமல் கடத்தும் இடைநிலை) வேலை செய்யும் டிஎல்072இன் ஒரு பாதிக்குச் செல்கிறது. அதே இடத்திலிருந்து 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எதிர் 12 வோல்ட்டுக்கும், எதிர்த்திசையில் சுமார் 0.4 வோல்ட்டுக்கு மேல் இறங்காதவாறு 1என்4148 டையோடு கிரவுண்டுக்கும் போகட்டும். விரல் எடுத்ததும் பட்டை எதிர் 0.4 வோல்ட் அளவுக்கு விழும். அழுத்தினால் சுழியத்துக்கும் 1 வோல்ட்டுக்கும் இடையே எங்கோ நிற்கும். எதிர் 0.3 வோல்ட்டை எல்லையாக வைத்த எல்எம்311 ஒப்பீட்டி (இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் ஐசி), விரல் இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட் குறிகையாக, அதாவது ஆம்-இல்லை என்ற மின்னழுத்தமாகச் சொல்லிவிடும். மற்ற ஒப்பீட்டிகளை விட்டு இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், எதிர் மின்னழுத்தத்தில் இயங்கும்போதே அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டரின் கிரவுண்டு முனையைத் தனியாகக் கிரவுண்டில் கட்ட முடியும் என்பதே. ஆகவே 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்தால் சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே தூய கேட் கிடைக்கிறது.

விரலை எடுத்த கணத்தில் சுருதி சரிந்துவிடாமல், கடைசிச் சுரத்தைப் பிடித்து வைக்க எல்எஃப்398 என்ற சாம்பிள்-ஹோல்டு ஐசி உதவும். பஃபருக்கும் அதற்கும் இடையே 22 கிலோ ஓமும் 100 நானோஃபேரட்டும் கொண்ட சிறு தாமதத்தையும், அதைத் தொடர்ந்து டிஎல்072இன் மறுபாதியை இன்னொரு பஃபராகவும் வைத்து, கேட் குறிகையைத் தாமதமின்றி அனுப்பினால், சுருதி சரியத் தொடங்குமுன்னே ஐசி கதவை மூடிவிடும். பிடித்துவைக்கும் கெப்பாசிட்டர் 10 நானோஃபேரட் பாலிபுரோப்பைலீனாக இருக்கட்டும். செராமிக் இதற்கு ஆகாது. இறுதியாக, சமமான இரண்டு 10 கிலோ ஓம், 1 சதவீத ரெசிஸ்டர்களைக் கொண்ட இரட்டிப்பு ஆப்-ஆம்ப் வழியே வெளியே எடுத்தால், 50 செ.மீட்டருக்கு 2 வோல்ட், அதாவது இரண்டு ஸ்தாயி கிடைக்கும்.

சுரங்களைக் குறித்தல்

பாப் மூக் வகுத்த முறையில் ஒரு வோல்ட் ஒரு ஸ்தாயி. யூரோராக்கும் அதையே ஏற்றது. டான் புக்லாவின் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட் என்பதால், அவ்வகை ஆஸிலேட்டரோடு இதை நேராக இணைக்கக் கூடாது. நம் பட்டையில் ஒரு ஸ்தாயி 25 செ.மீ.; வீணையில் மேலே போகப்போக மெட்டுகள் நெருங்குவது போல இங்கே நெருங்காது, எல்லா ஸ்தாயியிலும் தூரம் ஒன்றே.

மாயாமாளவகௌளையின் சுரங்களை இயற்கை விகிதத்தில் குறிக்க, கீழ்முனையைச் சட்ஜமாகக் கொண்டு அளந்தால், 16/15 விகிதத்து ரிஷபம் 2.33 செ.மீட்டரிலும், 5/4 காந்தாரம் 8.05இலும், 4/3 மத்யமம் 10.38இலும், 3/2 பஞ்சமம் 14.62இலும், 8/5 தைவதம் 16.95இலும், 15/8 நிஷாதம் 22.67இலும், மேல் சட்ஜம் 25இலும் விழும். மேல் ஸ்தாயிக்கு ஒவ்வொன்றோடும் 25 கூட்டிக்கொள்ளுங்கள். சமபங்குக் கீபோர்டின் காந்தாரம் 8.33 செ.மீட்டரில் இருந்திருக்கும், இயற்கைக் காந்தாரம் அதற்கு ஏறத்தாழ 3 மி.மீ. கீழே இருக்கிறது, தம்பூரா ஒலிக்கும்போது அந்த வேறுபாட்டைக் காது தெளிவாக உணர்கிறது. குறிகளைப் பலகையின் மேல், பட்டையின் ஓரமாகச் செதுக்குங்கள். எஃகின் மேல் செதுக்கினால் கம்பி தொடும் பரப்பு கெடும். வேறு மேளத்துக்கு மாறுபவர்கள், பலகைக்குப் பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய அக்ரிலிக் பட்டைகளில் ஒவ்வொரு மேளத்துக்கும் தனியே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இதே பலகையின் இடப்பக்கம், அழுத்தத்துக்கேற்ப மின்தடை குறையும் எஃப்எஸ்ஆர் உணரி ஒன்றை வைத்து, அதன் மின்னழுத்தத்தை ஃபில்டருக்கு அனுப்பினால், இடக்கை பெருவிரல் அழுத்தம் ஒலியைத் திறக்கவும் மூடவும் பயன்படும். உணரியையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொடராக வைத்து, இடைப்பட்ட புள்ளியைப் பஃபர் வழியே எடுத்தால் போதும்.

அளவமைப்பும் பராமரிப்பும்

சாதாரண மூன்றரை இலக்க மல்டிமீட்டர் 2 வோல்ட் அளவையில் 1.999 வரை மட்டுமே காட்டும். அதற்கு மேல் போனால் அடுத்த அளவைக்கு மாறி 10 மில்லிவோல்ட் நுண்மைக்குத் தாழ்ந்துவிடும், அது 12 சென்ட். ஆகவே மேல்முனையில் 2 வோல்ட்டை அளக்க முயல வேண்டாம். முதலில் கீழ்த்தாங்கியை ஒட்டி அழுத்தி, வெளியீட்டில் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது ஆப்-ஆம்ப்புகளின் ஆஃப்செட், அதாவது சுழியத்தில் நிற்க வேண்டியபோதும் மீதமிருக்கும் சிறு பிழை. பிறகு சரியாக 25 செ.மீ. குறியில் அழுத்திப் பிடித்து, அந்த எண்ணோடு 1.000 வோல்ட் கூட்டிய அளவு வரும்வரை டிரிம்பாட்டைத் திருப்புங்கள். 1 மில்லிவோல்ட் என்பது 1.2 சென்ட் மட்டுமே என்பதால், இந்த நுண்மை காதுக்குப் போதும். மீந்திருக்கும் ஆஃப்செட்டை ஆஸிலேட்டரின் சுருதிக் குமிழே சரிசெய்துகொள்ளும்.

வாசித்து முடித்ததும் கம்பியையும் எஃகுப் பட்டையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஜாக்குகளில் வெற்றுப் பிளக்கைச் செருகி உப்பைத் தடுக்கலாம். ஆனால் செருகாதபோது உள்ளேயே வேறொரு குறிகையோடு இணைந்திருக்கும் வகை ஜாக்குகளில் அப்படிச் செய்தால் அந்த உள்ளிணைப்பு அறுபடும், அவற்றைத் திறந்தே விட்டு, பெட்டிக்கு மூடி போட்டு வையுங்கள். மூடிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகள் இருக்கட்டும். நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் அடுப்பில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது சிந்தசைசரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாக்கிலும் பிளக்கை நாலைந்து முறை செருகி எடுங்கள். உள்வெப்பம் ஈரத்தை வெளியேற்றும், உரசல் தொடுமுனையின் படலத்தைத் துடைக்கும். நைக்ரோம் கம்பி நாளடைவில் அழுத்திய இடங்களில் வளைந்து சோர்வுறும். அதை மாற்றும்போது ஒரே சுருளிலிருந்து வெட்டிய கம்பியாக இருந்தாலும் மின்தடை சிறிது வேறுபடும் என்பதால், 25 செ.மீ. குறியில் அளவமைப்பைப் புதிதாகச் செய்த பிறகே வாசிக்கத் தொடங்குங்கள்.